முலூஸ் நகர மகிழுந்துத் தொகுப்பு: ஓர் உடைமை வரலாற்று ஆய்வு

முன்னுரை

நிலத்தின் உடைமையை ஆராய்வோர் மூலப்பத்திரத்தில் தொடங்குவர். அதன் பின்னர் அந்நிலம் யார் யார் கைக்கு மாறியது, அதன்மீது வில்லங்கம் ஏதும் உண்டா, பத்திரத்தில் பெயர் உடையவரே அதனை அனுபோகத்தில் வைத்திருந்தாரா என்னும் வினாக்களை ஒவ்வொன்றாக எழுப்புவர். இடம்பெயரும் பொருள்களின் வரலாற்றை ஆராய்வதற்கும் இதே முறை பொருந்தும். ஓவியங்கள், செப்புத் திருமேனிகள் ஆகியவற்றின் உடைமை வரலாறு நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. பழமையான மகிழுந்துகளும் அவ்வாறு ஆராயத் தக்கவையே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

இதற்குச் சான்றாகப் பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியிலுள்ள முலூஸ் நகரில் ஹான்ஸ் ஷ்லும்ப், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்னும் சகோதரர் இருவர் திரட்டிய தொகுப்பு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ நானூறு வாகனங்களைக் கொண்ட இத்தொகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவை புகாட்டி மகிழுந்துகள். தனியார் சொத்தாகத் தொடங்கிய இது, தொழிலாளர் வசமாகி, பின்னர்த் தேசிய அருங்காட்சியகமாக மாறியது. ஒரு பொருள் யாருக்கு உரியது என்னும் வினாவுக்குப் பத்திரம் மட்டுமே விடையாகுமா என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் சிக்கலாகும்.

எண்ணும் கூண்டும்

மகிழுந்தின் மூலப்பத்திரம் அதன் அடிச்சட்ட எண்ணாகும். தொழிற்சாலையின் விற்பனைப் பேரேடு, இயந்திரத்தில் பொறிக்கப்பட்ட எண், கூண்டு கட்டிய பட்டறையின் தகடு, பதிவு எண், உரிமையாளரின் கடிதங்கள் ஆகியன அதற்குத் துணைச் சான்றுகளாக அமைகின்றன. எனினும், அக்காலத்து உயர்விலை மகிழுந்துகளில் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் ஒரு நிறுவனம் செய்ய, கூண்டை வேறொரு பட்டறை கட்டுவது வழக்கம். உரிமையாளர் மாறும்போது கூண்டும் மாறுவதுண்டு. ஆதலின், எண் ஒரு வரலாற்றையும் கண்ணுக்குத் தெரியும் உருவம் மற்றொரு வரலாற்றையும் கூறக்கூடும்.

புகாட்டி நிறுவனத்தின் 'ரோயால்' வகை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். எத்தோரே புகாட்டி 12.7 லிட்டர் கொள்ளளவு கொண்ட எட்டு உருளை இயந்திரத்துடன் அரசர்களுக்கென இதனைத் திட்டமிட்டார். இருபத்தைந்து செய்ய எண்ணியிருந்தும் ஆறு மட்டுமே உருவாயின. அவற்றுள்ளும் மூன்றே அக்காலத்தில் வெளியாருக்கு விற்கப்பட்டன. வாங்கியோருள் அரசர் எவரும் இலர் என்பது குறிப்பிடத்தக்கது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி அத்தகைய ஆடம்பரத்திற்கு இடமளிக்கவில்லை.

இவற்றுள் 41111 என்னும் எண்ணுடைய மகிழுந்து, 1932இல் ஆர்மான் எஸ்தர்ஸ் என்னும் பிரெஞ்சு ஆடைத் தொழிலதிபருக்கு விற்கப்பட்டது. எத்தோரேயின் மகன் ஜான் புகாட்டி அதற்கு முகப்பு விளக்குகளே இல்லாத திறந்த கூண்டை வடிவமைத்தார். பின்னர் உரிமையாளர் மாறவே, பிந்தேர் பட்டறை அதே அடிச்சட்டத்தின்மீது வேறொரு கூண்டைக் கட்டியது. பலர் கைமாறிய அவ்வாகனம் 1999இல் ஃவோக்ஸ்வேகன் நிறுவனத்தை அடைந்தது. மறைந்துபோன எஸ்தர்ஸ் வடிவமோ, ரோயால் வகையின் உதிரிப் பாகங்களைக் கொண்டு மீண்டும் உருவாக்கப்பெற்று இன்று முலூஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆக, எஸ்தர்ஸ் வாங்கிய எண் ஓரிடத்திலும் அவர் ஓட்டிய உருவம் வேறோரிடத்திலுமாக அவரது மகிழுந்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது எனலாம்.

போர்க்கால இடைவெளிகள்

ஐரோப்பிய உடைமை வரலாற்றில் 1933 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை ஆய்வாளர் தனிக் கவனத்துடன் நோக்குவர். கட்டாய விற்பனை, பறிமுதல், தலைமறைவு ஆகியவை மலிந்த காலம் அது. புகாட்டியின் தொழிற்சாலையே ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது கட்டாயத்தின்பேரில் கைமாறியது. விற்கப்படாமல் குடும்பத்தாரிடமே தங்கிவிட்ட மூன்று ரோயால் மகிழுந்துகள், ஆக்கிரமிப்பாளரின் கண்ணில் படாதிருக்க எர்மெனோன்வில் என்னும் இடத்திலிருந்த குடும்ப இல்லத்தில் சுவரெழுப்பி மறைத்து வைக்கப்பட்டன. எத்தோரே 1947இல் காலமானார். போருக்குப் பின் அம்மூன்றில் இரண்டை அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் வாங்கினார். எத்தோரேயின் சொந்தப் பயன்பாட்டில் இருந்த 'கூப்பே நப்போலியோன்' மட்டும் குடும்பத்தாரிடம் எஞ்சியது.

41121 என்னும் எண்ணுடைய மகிழுந்தின் கதை வேறானது. அதனை 1932இல் வாங்கியவர் யோசப் ஃபூக்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டை விட்டு வெளியேறிய அவர், ஷாங்காய் சென்று, பின்னர் நியூயார்க்கை அடைந்தார். மகிழுந்தும் அவருடன் பயணம் செய்தது. குளிர்காலத்தில் உறைந்த நீரால் இயந்திரம் வெடிப்புற, அது பழைய இரும்புக் கிடங்கிற்குச் சென்றது. 1940களில் சார்ல்ஸ் செய்ன் என்னும் பொறியாளர் அதனைச் சுமார் 400 டாலருக்கு வாங்கிச் சீர்செய்தார். பின்னர் அவர் ஹென்ரி ஃபோர்டு அருங்காட்சியகத்திற்கு அதனை நன்கொடையாக வழங்கினார். இவ்வொரு வாகனத்தின் கைமாற்றப் பட்டியலே ஒரு தனிமனிதரின் புலம்பெயர்வு வரலாறாகவும் அமைந்துவிடுகிறது.

ஷ்லும்ப் சகோதரர்களின் திரட்டு

சகோதரர் இருவரும் இத்தாலியில் பிறந்தவர்கள். சுவிட்சர்லாந்துக் குடியுரிமை உடையவர்கள். தாயின் ஊரான முலூஸில் வளர்ந்தவர்கள். கம்பளி வணிகத்தில் தொடங்கி, மால்மெர்ஸ்பாக் முதலிய இடங்களில் இருந்த நூற்பாலைகளைத் தம் வசமாக்கினர். 1957இல் முலூஸில் அவர்கள் வாங்கிய பழைய ஆலையே பிற்காலத்தில் மகிழுந்துகளின் இருப்பிடமாயிற்று.

1960களின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் பெருமளவில் வாங்கலானார். புகாட்டி ஆர்வலர் சங்கத்தார் எஞ்சியிருந்த வாகனங்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் குறித்துத் தொகுத்திருந்த பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வுரிமையாளர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். வரலாற்றைக் காப்பதற்காக எழுதப்பட்ட பதிவேடு கொள்முதல் பட்டியலாக மாறியமை சிந்திக்கத் தக்கது. 1963இல் புகாட்டி குடும்பத்தாரிடமிருந்து பதினெட்டு வாகனங்கள் அவரை வந்தடைந்தன. சுவருக்குப் பின்னால் போரைக் கடந்த கூப்பே நப்போலியோனும் அவற்றுள் ஒன்றாகும்.

1964இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஷேக்ஸ்பியரிடமிருந்து முப்பது புகாட்டிகள் 85,000 டாலருக்கு ஒரே கொள்முதலாக வாங்கப்பட்டன. அவை இரயில் வண்டியில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்திற்கும், அங்கிருந்து கப்பலில் பிரான்சுக்கும் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் 41131 என்னும் எண்ணுடைய ரோயாலும் இருந்தது. 1933இல் இங்கிலாந்தின் கேப்டன் கத்பர்ட் ஃபாஸ்டர் வாங்கிய அவ்வாகனம், 1946இல் ஜாக் லெமன் பர்ட்டனிடமும், 1956இல் ஷேக்ஸ்பியரிடமும் சென்றது. பதினைந்தே கல் தொலைவிலா, ஓராயிரம் கல் தொலைவிலா என்பது பொருட்டன்று. ஒவ்வொரு கைமாற்றத்திற்கும் பெயரும் ஆண்டும் கிடைப்பதே இங்கு முதன்மையானது. இடையறாத கைமாற்றத் தொடர் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

ஆலையின் உள்ளே பட்டறைகள் அமைத்து, பாரிஸ் நகரின் அலெக்சாந்தர் பாலத்து விளக்குகளைப் போன்ற நூற்றுக்கணக்கான விளக்குத் தூண்களை நிறுவித் தாயின் நினைவாக ஓர் அருங்காட்சியகத்தை ஃபிரிட்ஸ் உருவாக்கி வந்தார். எனினும், அது பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை.

பத்திரமில்லா அனுபோகம்

1970களில் ஐரோப்பிய நெசவுத் தொழில் பெரும் சரிவைச் சந்தித்தது. 1976இல் ஷ்லும்ப் ஆலைகள் நொடித்தன. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் தொடர்ந்தன. சகோதரர்கள் எல்லை கடந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தங்கினர். 1977 மார்ச்சு 7ஆம் நாள் தொழிற்சங்கத்தினர் முலூஸ் ஆலைக்குள் நுழைந்தனர். உள்ளே தம் வேலைக்கும் ஊதியத்திற்கும் பணமில்லை என்று கூறப்பட்ட காலத்தில் வரிசை வரிசையாகப் பளபளத்து நின்ற மகிழுந்துகளைக் கண்டனர்.

சினத்தில் ஓர் ஆஸ்டின் மகிழுந்து எரிக்கப்பட்டதாயினும், ஏனையவற்றை அவர்கள் அழிக்கவில்லை. ஆலைக்குத் 'தொழிலாளர் தொழிற்சாலை' எனப் பெயரிட்டு, மக்கள் வந்து காணும்படி திறந்துவிட்டனர். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் அங்கு வந்ததாகக் கூறப்படுகிறது. உரிமையாளர் பூட்டி வைத்திருந்த அருங்காட்சியகத்தை முதன்முதலில் மக்களுக்குத் திறந்தவர்கள் உரிமைப் பத்திரம் ஏதுமில்லாத தொழிலாளர்களே ஆவர்.

கடன்கொடுத்தோர் தொகுப்பைப் பிரித்து விற்றுவிடக்கூடும் என்னும் அச்சம் நிலவிய சூழலில், 1978இல் பிரெஞ்சு அரசு அதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆலைகளின் கடனுக்குச் சகோதரர்களின் சொந்த உடைமையும் பொறுப்பாக்கப்பட்டது. 1979இல் தொழிலாளர் வெளியேறினர். 1981இல் நகராட்சி முதலிய பொது அமைப்புகள் இணைந்து நிறுவிய சங்கம் 44 மில்லியன் பிராங் கொடுத்துத் தொகுப்பை வாங்கியது. 1982இல் தேசிய மகிழுந்து அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஹான்ஸ் 1989இலும் ஃபிரிட்ஸ் 1992இலும் மறைந்தனர். நீண்ட வழக்குகளுக்குப் பின் ஷ்லும்ப் என்னும் பெயர் அருங்காட்சியகத்தின் பெயரோடு சேர்க்கப்பட்டது.

ஒரு மகிழுந்தின் கைமாற்றப் பட்டியலைப் பார்ப்போர் அதில் ஷ்லும்ப் என்னும் பெயரை அடுத்துச் சங்கத்தின் பெயரையே காண்பர். 1977 முதல் 1979 வரை அதனைக் காவல் காத்தோரின் பெயர் அதில் இடம்பெறுவதில்லை. சட்ட நோக்கில் இது சரியே. அவர்கள் எதையும் வாங்கவில்லை, விற்கவுமில்லை. ஆயினும், வரலாற்று நோக்கில் இது பெரும் விடுபாடாகும். தங்கள் உழைப்பின் பயனே இவ்வாறு மகிழுந்துகளாக நிற்கிறது என்பது அவர்களது வாதம். அதனை முழுவதும் ஏற்காதோரும், அவர்கள் பேணிக் காத்திராவிடில் இத்தொகுப்பு ஒன்றாக எஞ்சியிருப்பது அரிது என்பதை மறுத்தல் இயலாது. மறுபுறம், ஃபிரிட்ஸ் திரட்டியிராவிடில் இவற்றுள் பல பழைய இரும்பாகியிருக்கும் என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருசேரப் பதிவுசெய்வதே நடுநிலை ஆய்வாளரின் கடமையாகும்.

பழுதும் சான்றும்

சீர்செய்யப்படாது கிடந்த அறுபத்திரண்டு வாகனங்கள் நீதிமன்றத் தீர்ப்பின்படி ஃபிரிட்ஸின் மனைவிக்குத் திரும்பக் கிடைத்தன. 2008இல் அவை அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லினுக்கும் அவருடன் இணைந்தோருக்கும் விற்கப்பட்டன. 2010இல் கலிபோர்னியாவின் ஒக்ஸ்னார்டு நகரில் திறக்கப்பட்ட தமது அருங்காட்சியகத்தில், மல்லின் அவற்றுள் சிலவற்றைக் கிடைத்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தார்.

இம்முடிவு ஆய்வு நோக்கில் போற்றத்தக்கதாகும். புது வண்ணம் பூசி, தேய்ந்த பாகங்களை மாற்றும்போது முந்தைய உரிமையாளர் விட்டுச் சென்ற தடயங்களும் உடன் அழிகின்றன. பழைய வண்ண அடுக்கு, கிழிந்த இருக்கைத் தோல், துருவேறிய பட்டறைத் தகடு ஆகியன ஆவணங்கள் கூறாதவற்றையும் கூறவல்லவை. மல்லின் 2023இல் மறைந்தபின், 2024 பிப்ரவரியில் அவ்வருங்காட்சியகமும் மூடப்பட்டது. அங்கிருந்த வாகனங்கள் பல மீண்டும் கைமாறின.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, அடிச்சட்ட எண் உடைமை வரலாற்றின் தொடக்கமேயன்றி முடிவன்று. எண்ணும் உருவமும் பிரிந்து செல்வதை 41111 காட்டுகிறது. இரண்டாவதாக, கைமாற்றத் தொடரில் காணப்படும் இடைவெளிகள் வெற்றிடங்கள் அல்ல. போரும் நாடுகடப்பும் தொழிற்போராட்டமும் அவ்விடைவெளிகளில்தான் உறைந்துள்ளன. மூன்றாவதாக, உரிமையும் அனுபோகமும் வெவ்வேறானவை. இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தாலன்றி ஒரு பொருளின் வரலாறு நிறைவுறாது.

முலூஸ் அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் கூப்பே நப்போலியோனின் பட்டியலில் எத்தோரே, அவர்தம் குடும்பத்தார், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப், சங்கம் எனச் சில பெயர்களே உள்ளன. அதனைச் சுவருக்குள் வைத்துப் பூசிய கொத்தனாரையும் ஈராண்டுகள் காவல் காத்த நூற்பாலைத் தொழிலாளியையும் அப்பட்டியலில் எழுத இயலாது. அவர்களுக்குரிய இடத்தை வரலாற்றாசிரியரே வழங்குதல் வேண்டும்.