பாலத்தின் இரு பெயர்கள்

ஒரு பொருளுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரும் வரலாற்றுச் சான்றே. ஆயினும், அச்சான்றை ஆராய்ந்தே கொள்ளவேண்டும். இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டை ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதியில் காண்கிறோம்.

அங்கே கார்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், டல்னன் ஆற்றின்மேல் பழைய கற்பாலம் ஒன்று நிற்கிறது. ஊரின் பெயரிலேயே பாலம் இருக்கிறது. அப்பாலத்திற்கோ இரு பெயர்கள்: ஒன்று பொதிக்குதிரைப் பாலம், மற்றொன்று சவப்பெட்டிப் பாலம்.

முதற்பெயர் ஒரு காலத்துப் போக்குவரத்தை நினைவூட்டுகிறது. வண்டிச்சாலைகள் பரவுமுன், பிரிட்டனின் மலைநாடுகளில் சரக்குகள் குதிரை முதுகில் சென்றன. இருபுறமும் பொதி தொங்க, குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஆகவே, அவற்றுக்கான பாலங்கள் குறுகலாக அமைந்தன. பொதி உரசாதிருக்கப் பக்கச்சுவர்களைத் தாழ்வாகக் கட்டினர். சிலவற்றில் கட்டாமலே விட்டனர்.

கார்பிரிட்ஜ் பாலத்திலும் இன்று பக்கச்சுவர்கள் இல்லை. அதனால் இதுவும் பொதிக்குதிரைகளுக்கெனவே எழுந்தது என்று நாம் முடிவுகட்டலாமா? கூடாது. 1829ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளம் இதனைக் கடுமையாகச் சிதைத்தது. இன்று நாம் காணும் மெலிந்த உருவம் கொத்தனார் வகுத்ததன்று, வெள்ளம் விட்டுச்சென்றது. வளைவு மட்டும் பிழைத்தது. அதன் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, பளுவை இருகரைப் பாறைகளுக்குக் கடத்துகின்றன. சுவர்கள் வளைவை நம்பி நின்றன. வளைவு சுவர்களை நம்பி நிற்கவில்லை.

பாலம் எழுந்த காரணத்தை இரண்டாம் பெயரே உரைக்கிறது. இறந்தோரை டத்தில் தேவாலயத்திற்குக் கொண்டுசெல்ல ஆற்றைக் கடக்கவேண்டும். ஆறு பெருகினால் சவ ஊர்வலம் கரையிலேயே தடைப்படும். உற்றாரை இழந்தவர்கள், நீர் வடியும்வரை அடக்கமும் செய்ய இயலாது காத்திருக்கும் துயரை எண்ணிப் பார்ப்போம். அத்துயர் தீர, கிராண்ட் குலத்தலைவர் சர் அலெக்சாண்டர் கிராண்டின் ஏற்பாட்டில், ஜான் நிக்கல்சன் என்னும் கொத்தனார் 1717ஆம் ஆண்டில் இப்பாலத்தைக் கட்டினார்.

உருவத்தை மட்டும் நோக்கியிருந்தால் குதிரைகளைக் கண்டிருப்போம். துயருற்ற மனிதரைத் தவறவிட்டிருப்போம். கல் காலத்தால் உருமாறுகிறது. பெயரோ சில வேளைகளில் கல்லினும் உறுதியாக நிற்கிறது. வகுப்பறையில் ஒரு பழம்பொருளைக் காட்டும்போது, “இது எப்படி இருக்கிறது?” என்பதோடு நில்லாமல், “இதனை மக்கள் என்னவென்று அழைத்தனர், ஏன்?” என்றும் வினவுவோமாக.