கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வீடு



போன வாரம் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு மரப்பெட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். "சார், இது எங்கே வாங்கினீங்க?", "மாமா, உள்ளே இருப்பது ஆச்சியோட பாக்குவெட்டிதானே?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வாங்கவில்லை, நானே செய்தது. பாக்குவெட்டி ஆச்சியுடையதேதான். நாற்பது நிமிட வகுப்பில் முடிக்க வேண்டிய பாடத்தை இரண்டு வகுப்புக்கு இழுக்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் 'ஷேடோ பாக்ஸ்' என்று பெயர். நிழற்பெட்டி என்று சொல்லலாம். சாதாரணப் படச்சட்டத்தில் கண்ணாடி படத்தோடு ஒட்டியிருக்கும். இதில் மூன்று விரல் ஆழம் இருக்கும். உள்ளே வைக்கிற பொருளின் நிழல் பின்பலகையில் விழும். அதனால் வந்த பெயர்.

இதைப் பெரிய கலையாக உயர்த்தியவர் ஜோசப் கார்னெல் என்ற அமெரிக்கர். 1903-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ஓவியப் பள்ளிக்குப் போனதில்லை. துணி வியாபாரத்தில் விற்பனையாளராக வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் நியூயார்க் நகரத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் சுற்றி, கிழிந்த வரைபடம், களிமண் புகைக்குழாய், கண்ணாடிக் கோப்பை, பொம்மை என்று பொறுக்கி வருவார். உடல் இயக்கம் பாதிக்கப்பட்ட தம்பி ராபர்ட்டைக் கவனித்துக்கொண்டே, தாயோடும் தம்பியோடும் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். அந்த வீட்டின் நிலவறையில்தான் பெட்டிகள் உருவாயின. 1972-இல், அவர் இறந்த அதே ஆண்டில், நியூயார்க்கில் குழந்தைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார். பெட்டிகளைப் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் தாழ்வாக மாட்டினார்களாம். வகுப்பறையில் வரைபடத்தை எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டு "இமயமலையைக் காட்டு" என்று பிரம்பைக் கொடுத்தவன் நான். இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் ஆழமான சட்டத்துக்குள் பொருளை வைத்துக் கண்ணாடி போடுவது நமக்குப் புதிதா? இல்லை.

தஞ்சாவூர் ஓவியத்தை நினைத்துப் பாருங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடாக்கி, தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதித்தார்கள். அது செல்வர் வீட்டுப் பொருள். சாதாரண வீடுகளுக்குச் சாமி படம் வந்தது அச்சு வந்த பிறகுதான். 1894-இல் ரவி வர்மா பம்பாயில் தன் அச்சகத்தைத் தொடங்கினார். அவருடைய லட்சுமியும் சரசுவதியும் நாடெங்கும் பரவினார்கள். வாங்கிய பெண்கள் அப்படியே மாட்டிவிடவில்லை. அச்சிட்ட சேலையின் மேல் நிஜத் துணியை வெட்டி ஒட்டினார்கள், ஓரத்துக்குச் சரிகை தைத்தார்கள், நகை இருக்கும் இடத்தில் பாசிமணியும் சம்க்கியும் வைத்தார்கள். துணி நசுங்காமலிருக்க ஆழமான சட்டம் போட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படிப்பட்ட படங்கள் நிறைய இருந்தன.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) 1940-களில் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்துக்குக் கண்ணாடி போடுவது நம் எல்லார் வீட்டு வழக்கம்தானே!

எங்கள் ஆச்சி ஒரு லட்சுமி படத்துக்குத் தன் கல்யாணச் சேலையின் கரையை வெட்டி ஒட்டியிருந்தாள். "யாரு சொல்லித் தந்தா ஆச்சி?" என்று கேட்டதற்கு, "ஒப்பனையம்மா இருக்கிற ஊர்ல பொறந்தவளுக்கு ஒப்பனை பண்ணச் சொல்லியாடே தரணும்?" என்றாள். நம்மூர்ப் பால்வண்ணநாதர் கோயில் அம்பாளின் பெயரை இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

இனி என் பெட்டிக்கு வருகிறேன். அம்மா காலமான பிறகு பழைய வீட்டைக் கொடுத்துவிட முடிவானது. பரணைக் காலி செய்தோம். பழைய இரும்புக்காரர் தராசோடு வந்துவிட்டார். என் தங்கச்சி ஒரு சாக்கை மட்டும் பிடித்து இழுத்து, "இது எடைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சாக்கில் இருந்தவைதான் பெட்டிக்குள் இருக்கின்றன.

ஓர் ஓட்டைக் காலணா. உலகப் போர்க் காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் துளை போட்டு 1943 முதல் 1947 வரை அடித்த காசு. அறுபத்து நான்கு சேர்ந்தால் ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. அதன் பின் இது எங்கள் வீட்டில் சாவிக்கொத்தில் தொங்கியது. சங்கரன்கோவிலில் நேர்ந்துகொண்டு வாங்கிய, உண்டியலில் போட மறந்துபோன ஒரு பாம்புத் தகடு. ஒரு தறி நாடா. ஒரு தீப்பெட்டிப் படம். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்திருக்காவிட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் சேர்த்து விளையாட அந்தப் படங்கள் கிடைத்திருக்காது. நடுவில் ஆச்சியின் பாக்குவெட்டி.

அதோடு ஒரு தபால் அட்டை. அப்பா பம்பாயில் கடை வேலையில் இருந்தபோது அம்மாவுக்கு எழுதியது. முகவரிப் பக்கத்தில் அம்மா பெயரும் ஊர்ப் பெயரும் அஞ்சல் முத்திரையும் அழகாக இருந்தன. அந்தப் பக்கம் தெரியும்படி, மறுபக்கம் முழுக்கப் பசை தடவி, பலகையில் அழுத்தி ஒட்டிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவன் செய்த வேலை இது.

தங்கச்சி வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அட்டையில் நின்றாள். "அண்ணே, எழுத்து இருக்கிற பக்கத்தையா ஒட்டிட்ட?" என்றாள். அப்பா கைப்பட எழுதியதில் எங்களிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஆவி காட்டி உரித்துப் பார்த்தேன். மை கலங்கி, தாள் பிய்ந்து, இரண்டு வரி கூடத் தேறவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தங்கச்சி ஒரு நோட்டை எடுத்து வரச் சொன்னாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வெளியூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில், அப்பா போன பிறகும், அந்த அட்டையைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டியவள் அவள்தான். "க்ஷேமம். க்ஷேமத்துக்கு எழுதவும்" என்பதிலிருந்து கடைசியில் இருந்த கையெழுத்து வரை, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். அதைப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பொருளும் யாருடையது, யார் சொன்ன தகவல் என்பதையும் கீழே எழுதிவிட்டேன். நீங்கள் படத்தில் பார்த்தது முன்பக்கம் மட்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கடை கடையாகப் பழம்பொருள்கள். பித்தளைப் பாத்திரம், மரக்கதவு, சட்டம் போட்ட குடும்பப் போட்டோக்கள். போட்டோவில் இருப்பவர் யார் என்று கடைக்காரரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. கார்னெல் யாருடையவை என்று தெரியாத பொருள்களை வைத்துத் தன் கனவுகளைச் செய்தார். அது அவர் கலை. நம் கையில் இருப்பவற்றுக்கோ இன்னும் பெயர் தெரியும். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு தலைமுறை தாண்டினால் அவையும் அந்தத் தெருவின் பொருள்கள்தான்.

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். பசை வேண்டாம், பின்பலகையில் சிறு துளையிட்டு நூலால் கட்டுங்கள். கடிதம், போட்டோ என்றால் நகல் எடுத்து நகலை வையுங்கள். இரும்பைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள், பளபளப்பாகத் தேய்க்க வேண்டாம். நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். பின்பலகையை ஆணி அடித்து மூடாமல் திருகாணி போடுங்கள், திறக்க வேண்டியிருக்கும். மரச்சட்டத்தை உங்கள் ஊர்ப் படக்கடைக்காரரே செய்து தருவார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்குவீர்கள். எடைக்குப் போடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் பெரியவர்களை உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து, "இது யாரோடது?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி பிறகு செய்துகொள்ளலாம்.

எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். சிவப்பு மையால் திருத்த மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
கரிவலம்வந்தநல்லூர்