மடியேறிய நாய்
கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690-ல் மராட்டியரிடம் வாங்கிய காலத்தில், தமிழகத்தில் நாய் வளர்த்தது பெரும்பாலும் வேட்டைக்கும் காவலுக்கும்தான். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஓடியாட இடம் கேட்கும் உயரமான இனங்கள். தவழும் குழந்தை உள்ள சின்ன வீட்டுக்குள் அடங்காதவை.

குட்டை நாயை வீட்டுக்குள் வளர்ப்பது ஐரோப்பியரை ஒட்டிப் பரவிய பழக்கம். அவர்கள் கொண்டுவந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் வந்தது இந்தியன் ஸ்பிட்ஸ். வெயில் தாங்கும்; தயிர்ச்சோற்றிலும் வளர்ந்துவிடும். தமிழ் வீடுகள் அதைப் ‘பொமரேனியன்’ என்றே அழைத்தன. உண்மையில் பொமரேனியன் வேறு இனம்.

2003-ல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாய் மோகத்தைக் கிளப்பியது. சாதுவான நாய்தான், ஆனால் தட்டை மூக்கால் மூச்சிரைக்கும் அதற்குக் கடலூர்க் கோடை ஆகாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஸ்பிட்ஸே மேல், வாலை இழுத்தால் அதுவும் கடிக்கும் என்றாலும்.