நெய்யாத துணியின் நினைவு

துணி என்றதும் பாவும் ஊடும் நம் கண்முன் வந்து நிற்கும். பஞ்சிலிருந்து நூற்ற இழைக்கும் புலவன் யாத்த ஏட்டுக்கும் ‘நூல்’ என்று ஒரே பெயரிட்ட மொழி நம்முடையது. ஆனால், நூலும் தறியும் இன்றிப் பிறந்த துணி ஒன்றும் உலகில் உண்டு. விலங்கின் உரோமத்தை வெந்நீரில் நனைத்து, அழுத்தி, உருட்டிக் கெட்டிப்படுத்திய ‘ஃபெல்ட்’ என்பதே அது. மேலைநாட்டார் பல நூற்றாண்டுகள் தலையில் சூடிய தொப்பிகளின் வரலாறு பெரிதும் இந்த நெய்யாத துணியின் வரலாறே ஆகும்.

உரோம இழையின் புறத்தே மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உள்ளன. வெப்பமும் ஈரமும் அசைவும் சேரும்போது இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. பின்னர் அவற்றைப் பிரித்தெடுத்தல் அரிது. சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பசிரிக் என்னுமிடத்துப் பனியுறைந்த கல்லறைகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஃபெல்ட் விரிப்புகள் வண்ணம் மாறாமல் கிடைத்துள்ளன. ஐரோப்பியத் தொப்பித் தொழிலாளரோ புனித கிளமெந்தைத் தம் காவலராகப் போற்றினர். நெடுவழி நடந்த அவர், நொந்த பாதங்களுக்காகக் காலணியில் கம்பளி மயிரை வைத்தார் என்றும், வியர்வையும் மிதியும் அதனை ஃபெல்ட் ஆக்கின என்றும் ஒரு கதை வழங்கிற்று.

உயர்ந்த தொப்பிக்குப் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் உள்ளுரோமமே சிறந்தது எனக் கருதப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டுக்குள் ஐரோப்பாவில் அவ்விலங்கு பெரும்பாலும் வேட்டையாடி அழிக்கப்பட்டமையால், வணிகர் கண் வட அமெரிக்காவின் மீது திரும்பிற்று. 1670இல் பட்டயம் பெற்ற ஹட்சன் வளைகுடாக் கம்பெனியின் செல்வம் இவ்வுரோமத்தில் விளைந்ததே. அந்நாட்டுப் பழங்குடியினர் ஆண்டுக்கணக்கில் போர்த்திப் பழகிய பீவர் தோல்களுக்கு விலை மிகுதி. உடலின் உராய்வில் முரட்டு மயிர் உதிர்ந்து, மென்மயிர் மட்டும் எஞ்சியதே அதற்குக் காரணம். குடியேற்றங்களில் தொப்பித் தொழில் வளர்வதைப் பொறாத பிரித்தானிய நாடாளுமன்றம், 1732இல் தனிச் சட்டம் இயற்றி, அங்கிருந்து தொப்பிகளை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது.

பீவர் அருகியபோது முயலின் உரோமம் அவ்விடத்தைப் பிடித்தது. அது எளிதில் பிணையாது. எனவே நைட்ரிக் அமிலத்தில் கரைத்த பாதரசத்தை அதன்மேல் தடவினர். உரோமம் செம்மஞ்சள் நிறமுற்றதால் அச்செயலுக்குக் கேரட்டின் பெயரே வாய்த்தது. காற்றோட்டமற்ற பட்டறைகளில் பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்குக் கைகள் நடுங்கின, பற்கள் ஆடின, பேச்சுக் குழறிற்று. பிறர் முகம் நோக்கவும் கூசும் நாணம் அவர்களைப் பற்றிக்கொண்டது. நியூஜெர்சி மருத்துவர் ஃப்ரீமன் 1860இலேயே இந்நோயை விவரித்து எழுதினார். கனெக்டிகட் மாநிலத்தின் தொப்பி நகரான டான்பரியில் அதற்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர். எனினும், அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் விலக்கப்பட்டது 1941இல்தான். நோயைக் கண்டதற்கும் மருந்தை நிறுத்தியதற்கும் இடையே எண்பத்தோராண்டுகள் கழிந்தன.

இத்தனை விலை கொடுத்துப் பிறந்த தொப்பியை அக்காலத்தவர் எளிதில் எறிந்துவிடவில்லை. அமெரிக்க நகரங்களில் காலணி மெருகிடும் கடைகளிலேயே தொப்பியைத் தூய்மை செய்து அச்சிலேற்றிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொப்பி அணியும் பழக்கம் தேய்ந்தது, அக்கடைகளும் மறைந்தன. அவர்தம் கைத்திறன், பழைய தொப்பிகளைப் போற்றுவோரின் வீடுகளில் தஞ்சம் புகுந்தது.

அத்திறன் எளியது, பொறுமையை வேண்டுவது. முதலில் மென்தூரிகையால் உரோமம் படிந்த திசையிலேயே தூசியைத் துடைப்பர். நாடாவின் தையலைப் பிரித்தெடுத்து, நெற்றியைத் தொடும் தோற்பட்டையை வெளியே மடித்துவிடுவர். நீராவி பட்டால் தோல் சுருங்கிவிடும். பின்னர்க் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் தொப்பியைக் காட்ட, இறுகிய ஃபெல்ட் இளகும். தொப்பிக்கு விறைப்பூட்டச் சேர்த்த அரக்கும் அப்போது நெகிழும். இந்திய மரங்களில் அரக்குப்பூச்சி சுரந்த பிசினே கடல் கடந்து அங்கே சென்று அப்பணியைச் செய்தது. இளகியதை மர அச்சின்மீது இழுத்துப் பொருத்தி, அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நிழலில் உலரவிடுவர். அச்சிலிருந்து விரைந்து கழற்றினால் ஃபெல்ட் சுருங்கும். விளிம்பின் நெளிவை ஈரத்துணி விரித்து இஸ்திரிப் பெட்டியால் சமன் செய்வர். நெய்த துணியில் விழுந்த மடிப்புத் தழும்பு எளிதில் மாறாது. ஃபெல்ட்டுக்கோ ஓர் ஆவிக்குளியல் போதும். பழைய தலையின் வடிவை விடுத்துப் புதிய தலையின் வடிவை ஏற்கும்.

இங்கேதான் வரலாறு தன் கணக்கைக் கேட்கிறது. பாதரசத் தடைக்கு முற்பட்ட தொப்பிகள் பலவற்றில் அந்நஞ்சு இன்றும் தங்கியிருப்பதை அருங்காட்சியகத்தார் ஆய்ந்து கண்டுள்ளனர். சூடேறும்போது அது ஆவியாக வெளிப்படக்கூடும். ஆகவே, காலம் தெரியாத பழந்தொப்பியை அடுக்களையில் வைத்து ஆவி காட்டுதல் தகாது. கையுறையின்றித் தொடாமையும், துறை அறிந்தாரிடம் ஒப்படைப்பதும் நன்று. பழமையின் அழகை மீட்க விழைவோர் அப்பழமையின் துயரையும் அறிந்திருத்தல் வேண்டும். தன்னைச் சூடியவனின் தலையளவை அத்தொப்பி ஓர் ஆவிப்பொழுதில் மறந்துவிடும். தன்னைச் செய்தவனின் கையை நடுங்க வைத்த நஞ்சையோ நூறாண்டு கடந்தும் தன்னுள் வைத்திருக்கும்.