செங்கல்பட்டு – மாமல்லபுரம் மிதிவண்டி வழித்தடங்கள்

செங்கல்பட்டு – மாமல்லபுரம் மிதிவண்டி வழித்தடங்கள் என்பவை தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், குன்றுகளின் அடிவாரத்தையும் ஏரிக்கரைகளையும் ஒட்டிச் செல்லும் போக்குவரத்துக் குறைந்த ஊரகச் சாலைகள் ஆகும். இவற்றில் பெரும்பாலானவை மேற்கே சென்னை – திருச்சி நெடுஞ்சாலைக்கும் (ஜி.எஸ்.டி. சாலை) கிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே அமைந்துள்ளன. வேடந்தாங்கல் தடம் மட்டும் நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ளது. இவை மிதிவண்டிக்கெனத் தனியாக அமைக்கப்பட்டவையோ அரசால் அறிவிக்கப்பட்டவையோ அல்ல. ஊர்களை இணைக்கும் பொதுச் சாலைகளே ஓட்டுநர்களின் பயன்பாட்டால் வழித்தடங்களாக அறியப்படுகின்றன. சென்னையிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் இருப்பது இவற்றின் சிறப்பாகும்.

நிலவமைப்பு

செங்கல்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. இங்குள்ள குன்றுகள் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விலகித் தனித்தனியாக நிற்கும் சிறு பாறைக் குன்றுகள் ஆகும். ஏலகிரி மலைச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய ஏற்றம் எதுவும் இங்கு இல்லை. சாலைகள் பெரும்பாலும் குன்றின் மீது ஏறாமல் அதன் அடிவாரத்தைச் சுற்றிச் செல்கின்றன. எனவே பழக்கம் குறைந்தவர்களும் பற்சக்கர மாற்றி இல்லாத சாதாரண மிதிவண்டியில் இத்தடங்களைக் கடக்க இயலும்.

குன்றுகளில் விழும் மழைநீர் அடிவாரத்தில் உள்ள ஏரிகளில் சேர்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் மாவட்டம் என்றே அழைக்கப்பட்டது. செங்கல்பட்டு நகரை ஒட்டியுள்ள கொளவாய் ஏரி இவற்றுள் பலரும் அறிந்தது. ஊரகச் சாலைகள் பல இடங்களில் ஏரிக்கரையை ஒட்டியே போடப்பட்டுள்ளன. ஏரியின் கலங்கல் வழியே உபரி நீர் வெளியேறும் இடங்களில் தரைப்பாலங்கள் காணப்படும். கடற்கரைப் பக்கம் மணற்பாங்கான நிலமும் சவுக்குத் தோப்புகளும், கடற்கரைக்கு இணையாகப் பக்கிங்காம் கால்வாயும் உள்ளன.

சாலைகள் அமைதியாக இருப்பதற்கான காரணங்கள்

இப்பகுதியின் தொலைதூரப் போக்குவரத்து வடக்கு–தெற்காகச் செல்வது. அதனை ஜி.எஸ்.டி. சாலை, பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகிய மூன்றும் ஏற்றுக்கொள்கின்றன. இவற்றைக் கிழக்கு–மேற்காக இணைக்கும் குறுக்குச் சாலைகளில் உள்ளூர்ப் பேருந்துகள், இருசக்கர வண்டிகள், உழவு இயந்திரங்கள் ஆகியவையே பெரும்பாலும் செல்கின்றன. இரண்டாவது காரணம் சாலையின் அகலம். இந்தியாவில் ஒருவழித் தட ஊரகச் சாலையின் வழக்கமான தார்ப்பரப்பு 3.75 மீட்டர், இருவழித் தடச் சாலையினுடையது 7 மீட்டர் ஆகும். குறுகிய சாலையில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பதால் வேகம் தானாகவே கட்டுப்படுகிறது.

இந்த வேக வேறுபாடு மிதிவண்டி ஓட்டுநருக்கு முக்கியமானது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் மிதிவண்டியைப் பின்னால் 80 கி.மீ. வேகத்தில் வரும் மகிழுந்து 100 மீட்டர் தொலைவில் கண்டால், நெருங்குவதற்கு 6 வினாடிகளே ஆகும். அம்மகிழுந்து 40 கி.மீ. வேகத்தில் வந்தால் 18 வினாடிகள் கிடைக்கும். ஓட்டுநர் கவனித்து விலகுவதற்குக் கிடைக்கும் இந்த 12 வினாடிகளே, அமைதியான சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் உள்ள வேறுபாடு எனலாம்.

முக்கிய வழித்தடங்கள்

1. செங்கல்பட்டு – திருக்கழுக்குன்றம் – மாமல்லபுரம்

ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள இத்தடமே இப்பகுதியின் அடிப்படைத் தடமாகும். செங்கல்பட்டு தொடர்வண்டி நிலையத்துக்குச் சென்னையிலிருந்து புறநகர்த் தொடர்வண்டிகள் உண்டு. நகரைக் கடந்து சில கிலோமீட்டர் கிழக்கே வல்லம் என்னும் ஊரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைக் கோயில்கள் உள்ளன. அவனுடைய சிற்றரசனான வசந்தப்பிரியன் என்பவனின் மகன் கந்தசேனன் குடைவித்ததாக இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

தடத்தின் நடுவே திருக்கழுக்குன்றம் அமைந்துள்ளது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட குன்றின் உச்சியில் வேதகிரீசுவரர் கோயிலும், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயிலும் உள்ளன. நண்பகலில் பூசகர் உணவளிக்க இரு பாறுக் கழுகுகள் வந்து உண்டதால் இவ்வூர் பட்சி தீர்த்தம் எனவும் பெயர் பெற்றது. 1990களின் இறுதிக்குப் பின் அப்பறவைகள் வருவதில்லை. குன்றில் உள்ள ஒருகல் மண்டபம் பல்லவர் காலக் குடைவரை ஆகும். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஒல்லாந்தர் தம் பெயர்களை இதில் பொறித்துச் சென்றுள்ளனர்.

திருக்கழுக்குன்றம் வரை உள்ள பகுதி மாநில நெடுஞ்சாலை 58இன் ஒரு பகுதியாகும். ஆகவே பேருந்துகளும் சரக்குந்துகளும் ஓரளவு உண்டு. அதற்குக் கிழக்கே மாமல்லபுரம் வரையிலான சுமார் 15 கி.மீ. தொலைவு வயல்களின் ஊடே செல்கிறது. மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

2. திருப்போரூர் – செங்கல்பட்டு

ஏறத்தாழ 27 கி.மீ. நீளமுள்ள இச்சாலை கந்தசுவாமி கோயில் அமைந்துள்ள திருப்போரூரிலிருந்து தென்மேற்காகச் செல்கிறது. இடையில் சில தொலைவு குன்றுகளும் காப்புக்காடுகளும் சாலையின் இருபுறமும் உள்ளன. சோழமண்டலக் கரைக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்களையும் புதர்க்காடுகளையும் இப்பகுதியில் காணலாம். மெல்லிய ஏற்ற இறக்கங்கள் கொண்ட தடம் இதுவே. காட்டுப் பகுதியில் கடைகள் இல்லை. பொழுது சாய்ந்த பின் வெளிச்சமும் இல்லை. எனவே பகலிலேயே கடந்துவிடுவது நல்லது.

3. திருக்கழுக்குன்றம் – சதுரங்கப்பட்டினம் – மாமல்லபுரம்

திருக்கழுக்குன்றத்திலிருந்து தென்கிழக்கே செல்லும் சாலை சதுரங்கப்பட்டினத்தை அடைகிறது. அங்கிருந்து வடக்கே மாமல்லபுரம் சென்று மீண்டும் திருக்கழுக்குன்றம் திரும்பினால் ஏறத்தாழ 45 கி.மீ. கொண்ட ஒரு முக்கோணச் சுற்று கிடைக்கும். சதுரங்கப்பட்டினம் ஒல்லாந்தரின் வணிகத் தளமாக இருந்தது. மெல்லிய பருத்தித் துணி இங்கிருந்து ஏற்றுமதியானது. 1824ஆம் ஆண்டின் ஆங்கில – ஒல்லாந்த உடன்படிக்கையின் கீழ் இது ஆங்கிலேயரிடம் சென்றது. கோட்டையின் எஞ்சிய பகுதிகளும் கல்லறைத் தோட்டமும் இன்றும் உள்ளன. அருகிலுள்ள கல்பாக்கம் அணுமின் நிலைய வளாகம் தடைசெய்யப்பட்ட பகுதியாகும்.

இன்னும் தெற்கே பாலாறு கடலில் கலக்குமிடத்துக்கு அருகில் வயலூர் உள்ளது. பல்லவ மன்னர்களின் வழிமரபைப் பட்டியலிடும் இராசசிம்மனின் தூண் கல்வெட்டு இவ்வூர்க் கோயிலில் இருப்பதால் வரலாற்று மாணவர்கள் இங்குச் செல்வதுண்டு. இச்சுற்றில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும் பகுதி அமைதியானது அன்று என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

4. படாளம் – வேடந்தாங்கல் – கரிக்கிலி

ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுச்சாலையிலிருந்து மேற்கே பிரியும் தடம் இது. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் ஓர் ஊரின் பாசன ஏரியே ஆகும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால் ஊர் மக்கள் நெடுங்காலமாகப் பறவைகளைக் காத்து வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு இவ்வுரிமையை ஏற்றுக்கொண்டார். அருகில் உள்ள கரிக்கிலி ஏரியும் சரணாலயமாகும். இவ்விரண்டும் 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இரு ஏரிகளுக்கும் இடையிலான சாலைகள் நெல் வயல்களின் ஊடே செல்கின்றன. நவம்பர் முதல் மார்ச்சு வரை பறவைகளைக் காணலாம். ஓசையின்றிச் செல்லும் மிதிவண்டி இங்கு மிகப் பொருத்தமானது.

பருவமும் காற்றும்

திசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது தரைப்பாலங்களில் நீர் ஓடக்கூடும். ஆழம் தெரியாத ஓடும் நீரில் வண்டியை இறக்கக் கூடாது. ஏப்ரல் முதல் சூன் வரை காலை 9 மணிக்குள் பயணத்தை முடித்துக்கொள்வது நல்லது.

கோடையில் அதிகாலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நிலம் சூடேறிய பின், பொதுவாக முற்பகலின் இறுதியிலோ நண்பகலையொட்டியோ, கடற்காற்று எதிர்த்திசையில் தொடங்குகிறது. ஆகவே காலையில் செங்கல்பட்டிலிருந்து கிழக்கே சென்று, மாமல்லபுரத்தில் தங்கி, மாலையில் மேற்கே திரும்புபவருக்கு இரு முறையும் காற்று பின்னாலிருந்து உதவும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னையை நோக்கி வடக்கே திரும்புபவர் எதிர்காற்றை எதிர்பார்க்க வேண்டும்.

பயன்படுத்துவோர்

இச்சாலைகளில் மிதிவண்டி ஓட்டுபவர்களை இரு வகையினராகப் பிரிக்கலாம். முதல் வகையினர் விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்து வருவோர். நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஆர்வமுள்ளோரும் இதில் அடங்குவர். மதராசு ராண்டனர்சு போன்ற குழுக்கள் நடத்தும் ஓட்டங்களில் 200 கி.மீ. தொலைவை 13 மணி 30 நிமிடங்களுக்குள்ளும், 600 கி.மீ. தொலைவை 40 மணி நேரத்துக்குள்ளும் கடக்க வேண்டும். இவை போட்டிகள் அல்ல. காலவரையறைக்குள் முடிப்பதே நோக்கமாகும்.

இரண்டாம் வகையினரே எண்ணிக்கையில் மிகுதியானவர்கள். பள்ளிக்குச் செல்லும் மாணவர்களும், வயலுக்கும் சந்தைக்கும் செல்வோரும் அவர்கள். தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02 கல்வியாண்டில் பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருக்கும்போது, அங்குச் செல்லும் சாலை பாதுகாப்பானதா என்பதும் ஒரு மாணவியின் படிப்பு தொடர்வதைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாகிறது.

பாதுகாப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனம் மோதி மிதிவண்டி ஓட்டுநர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் உண்டு. ஊரகத் தடத்தைத் தேர்ந்தாலும் நெடுஞ்சாலையைக் கடக்கவோ அதில் சிறிது தொலைவு செல்லவோ நேரிடும். கவனிக்க வேண்டியவை:

- நெடுஞ்சாலையைக் கூட்டுச்சாலைகளில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பது பாதுகாப்பானது. எதிர்த்திசையில் ஓட்டக் கூடாது.
- குன்றுகளை ஒட்டிய சில சாலைகளில் கருங்கல் குவாரி சரக்குந்துகள் செல்கின்றன. சிந்திய சல்லிக் கற்கள் வளைவுகளில் வண்டியைச் சறுக்கச் செய்யும்.
- அறுவடைக் காலத்தில் நெல்லையும் வைக்கோலையும் சாலையில் உலர்த்துவது வழக்கம். அவற்றின் மீது ஏறாமல் இறங்கிச் செல்ல வேண்டும்.
- கரும்பு வெட்டும் பருவத்தில் படாளம் பகுதியில் பாரம் ஏற்றிய இழுவைகள் இரவில் பின்விளக்கு இன்றி நிற்கக்கூடும்.
- சீமைக் கருவேல முள் சக்கரத்தைத் துளைக்கும். ஒட்டுப் பொருட்கள், கைப்பம்பு, மாற்று டியூப் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். பஞ்சர் கடைகள் பெரிய ஊர்களில் மட்டுமே உண்டு.
- இந்தியச் சட்டப்படி மிதிவண்டி ஓட்ட உரிமம் தேவையில்லை. எனினும் தலைக்கவசமும், முன்பின் விளக்குகளும், வெளிர் நிற உடையும் பெரிதும் பயன்தரும்.

மாற்றங்கள்

சென்னை நகரம் தெற்கே விரிவடைவதால் இச்சாலைகளின் தன்மை மாறி வருகிறது. வீட்டு மனைப் பிரிவுகளும் தொழிற்கூடங்களும் புதிய போக்குவரத்தைக் கொண்டு வருகின்றன. சாலையை அகலப்படுத்துவதால் ஊர்களுக்குப் பேருந்து வசதியும் அவசர ஊர்திகளின் விரைவும் கூடுகின்றன. அதே நேரத்தில் வாகனங்களின் வேகமும் கூடுகிறது. நிழல் மரங்கள் வெட்டப்படுகின்றன. அகலப்படுத்தும்போது தார்ப்பரப்புக்கு வெளியே மிதிவண்டி செல்லத்தக்க கெட்டியான ஓரப்பகுதி விடப்படுகிறதா என்பதே இரு வகை ஓட்டுநர்களுக்கும் முக்கியமான வினாவாகும். விடுமுறைக்கு வருபவர் வேறு தடத்தைத் தேடிக்கொள்ளலாம். பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கு உள்ளது அந்த ஒரு சாலை மட்டுமே.

இவற்றையும் பார்க்க

- மிதிவண்டி
- திருக்கழுக்குன்றம்
- வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்
- சதுரங்கப்பட்டினம்
- கிழக்குக் கடற்கரைச் சாலை