பாஸ்டன் லத்தீன் பள்ளி

ஹார்வர்டு கலாசாலைக்கும் ஓராண்டு மூத்ததாக, 1635-இல் பாஸ்டன் நகரத்தாரால் ஸ்தாபிக்கப்பெற்ற லத்தீன் பள்ளி, அமெரிக்காவின் பொதுப் பள்ளிகளுள் மிகப் பழைமையானது. சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஐவர் அதன் மாணாக்கர். அவர்களில் பெஞ்சமின் பிராங்க்ளின் படிப்பை முடிக்காமலே விலகியவர். பெண்களைச் சேர்த்துக்கொள்ள மட்டும், என்ன காரணத்தாலோ, 1972 வரை அதற்கு மனம் வரவில்லை.

1775 ஜனவரியில், தாங்கள் சறுக்கி விளையாடும் பனிச்சரிவில் பிரிட்டிஷ் தளபதி ஹால்டிமண்டின் வேலைக்காரன் சாம்பலைக் கொட்டிப் பாழாக்கிவிட்டானென்று, இப்பள்ளிச் சிறுவர்கள் கூட்டமாகச் சென்று அத்தளபதியிடமே முறையிட, அவரும் அதைச் சீர்செய்து தரும்படி உத்தரவிட்டார். இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஜான் லவலோ பரம ராஜவிசுவாசி. அவருக்கு உதவியாசிரியராய் இருந்த மகன் ஜேம்ஸ் தீவிர தேசபக்தர். ஒரே கூரையின் கீழ் தந்தை மன்னர் பக்கமும் தனயன் மக்கள் பக்கமும் நின்று இலக்கணம் போதித்த விசித்திரத்தை மாணவர்கள் எவ்வளவு ரசித்திருப்பார்கள்! ஏப்ரல் 19-இல் அமெரிக்கச் சுதந்திர யுத்தம் மூண்டதும் பள்ளி கலைந்தது. மறு வருஷம் பிரிட்டிஷ் சேனை நகரை விட்டு நீங்கியபோது, தந்தை அகதியாகவும் மகன் கைதியாகவும் ஹாலிபாக்ஸ் துறைமுகம் போய்ச் சேர்ந்தனர்.