அறுவை அரங்கத் தொழில்நுட்பர் ஊதியம் (அமெரிக்கா)

அறுவைச் சிகிச்சை நடக்கும்போது கிருமிநீக்கம் செய்த பகுதிக்குள் நின்று, கருவிகளை வரிசைப்படுத்தி மருத்துவர் கேட்கும் கணத்தில் கையில் கொடுப்பவர் அறுவை அரங்கத் தொழில்நுட்பர். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் தியேட்டர் டெக்னீஷியன் என்று அழைக்கப்படுவோரின் வேலைக்கு இது நெருக்கமானது. அமெரிக்காவில் இது தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. இவர்களின் ஊதியம் நாட்டின் பொதுவான ஊதிய நிலையைவிட உயர்ந்தது. ஆனால் ஓர் உயரத்துக்கு மேல் எளிதில் ஏறுவதில்லை. திறமைக் குறைவோ பயிற்சிக் குறைவோ அதற்கு முதன்மையான காரணம் அல்ல. இவர்களது உழைப்புக்குத் தனியாகக் கட்டணப் பட்டியல் போட முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் இவர்களுக்குத் தொழில் உரிமமும் இல்லை. ஊதியத்தின் வரம்பை வகுப்பவை இந்த இரண்டு குறைகளே என்பதை இக்கட்டுரை சான்றுகளோடு விளக்குகிறது.

பணியும் தகுதியும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செவிலியர் பற்றாக்குறையை ஈடுகட்ட, படைப்பிரிவு மருத்துவ உதவியாளர்களுக்கு அறுவை அரங்கில் பயிற்சி அளிக்கப்பட்டது. போருக்குப் பின் பொது மருத்துவமனைகளும் அந்த முறையைத் தொடர்ந்தன. 1969-இல் இத்தொழிலாளர்களுக்கென ஒரு தேசியச் சங்கம் உருவானது. இன்று சமுதாயக் கல்லூரிகளிலும் தொழிற்கல்வி நிறுவனங்களிலும் சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு முதல் இரண்டாண்டு இணைநிலைப் பட்டம் வரை பயிற்சி கிடைக்கிறது. படித்து முடித்தவர்கள் தேசியத் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறலாம். பல மருத்துவமனைகள் அச்சான்றிதழை வேலைக்கான நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. டெக்சாஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, இந்தியானா போன்ற சில மாநிலங்கள் சான்றிதழையோ உரிய பயிற்சியையோ சட்டத்தால் கட்டாயமாக்கியுள்ளன. ஆயினும் செவிலியருக்கு எல்லா மாநிலங்களிலும் இருப்பது போன்ற உரிமம் இவர்களுக்கு இல்லை. வேலையின் பொறுப்போ சிறியதன்று. பஞ்சுத் துணி, ஊசி, கத்தி ஆகியவற்றைச் செவிலியருடன் சேர்ந்து எண்ணிச் சரிபார்ப்பவர் இவர். அந்த எண்ணிக்கை தவறினால் நோயாளியின் உடலுக்குள் ஒரு பொருள் தங்கிவிடலாம். கிருமிநீக்க ஒழுங்கு உடைந்தால் அதை முதலில் கண்டு சொல்ல வேண்டியவரும் இவரே.

ஊதிய நிலவரம்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் அறுவை அரங்கத் தொழில்நுட்பரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 62,830 டாலர். பாதிப் பேர் இதைவிட அதிகமாகவும் பாதிப் பேர் குறைவாகவும் பெறுகிறார்கள் என்பது இதன் பொருள். முழுநேர வேலைக்கு ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்று வகுத்தால், மணிக்கு 30 டாலருக்குச் சற்று மேல். அதே மாதத்தில் எல்லாத் தொழில்களுக்குமான இடைநிலை ஊதியம் 49,500 டாலர். எனவே இத்தொழில் பொது நிலையைவிட ஏறத்தாழ 27 விழுக்காடு உயரத்தில் நிற்கிறது. கீழ்த்தட்டுப் பத்து விழுக்காட்டினர் 43,290 டாலருக்கும் குறைவாகவும், மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினர் 90,700 டாலருக்கும் அதிகமாகவும் பெற்றனர். இந்த இடைவெளியில் இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கலிஃபோர்னியா, நெவாடா, அலாஸ்கா ஆகிய மாநிலங்களில் ஊதியம் மேலோங்கி இருக்கிறது. மிசிசிப்பி, அலபாமா போன்ற தென் மாநிலங்களில் தாழ்ந்திருக்கிறது. வீட்டு வாடகையும் வரியும் இதே திசையில் ஏறி இறங்குவதால், எண்ணில் தெரியும் வேறுபாடு முழுவதும் கையில் மிஞ்சுவதில்லை.

காலப்போக்கில் இந்த ஊதியம் நகர்ந்த விதம் இன்னும் தெளிவானது. 2010-இல் இடைநிலை ஊதியம் 39,920 டாலர். 2020-இல் 49,710 டாலர். பத்தாண்டு உயர்வு ஏறத்தாழ 24.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் எல்லாத் தொழில்களின் இடைநிலை ஊதியமும் 33,840 டாலரிலிருந்து 41,950 டாலராக, அதாவது 24 விழுக்காடு உயர்ந்தது. இந்தப் பத்தாண்டில் கணினிவழி இயங்கும் அறுவைக் கருவிகளும் சிறுதுளை அறுவை முறைகளும் அரங்குகளில் மேலும் பரவின. தொழில்நுட்பர் அறிந்திருக்க வேண்டியவை பெருகின. ஊதியமோ பொது ஓட்டத்தோடு மட்டுமே நகர்ந்தது. வேலையின் கடினம் தானாக ஊதியத்தை ஏற்றுவதில்லை என்பதற்கு இது முதல் சான்று.

வரம்பு எங்கிருந்து வருகிறது

அமெரிக்க மருத்துவமனைக்குப் பணம் எப்படி வருகிறது என்பதில் விடை இருக்கிறது. முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிக்கேர், 1983-இல் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. உள்நோயாளியின் சிகிச்சைக்கு, நோய்வகையைப் பொறுத்து முன்கூட்டியே முடிவு செய்த ஒரே தொகையை மருத்துவமனைக்குத் தருவது அந்த முறை. கட்டில், மருந்து, கருவி, ஊழியர் சம்பளம் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும். அறுவை மருத்துவர் தம் கட்டணத்தைத் தனியாகப் பெறுகிறார்; மயக்க மருத்துவரும் அப்படியே. தொழில்நுட்பரின் உழைப்போ அரங்கச் செலவின் ஒரு பகுதியாக அந்த மொத்தத் தொகைக்குள் கரைந்துவிடுகிறது. அவர் எவ்வளவு திறமையாக நின்றாலும் மருத்துவமனையின் வரவில் அவர் பெயரால் ஒரு டாலரும் கூடாது. செலவுப் பக்கத்தில் மட்டுமே அவர் தெரிவார். செலவாக மட்டும் தெரியும் ஒருவரின் ஊதியத்தை இயன்றவரை அடக்கி வைக்கவே எந்த நிர்வாகமும் முயலும்.

அறுவையில் முதல் உதவியாளராக நிற்பவருக்கான கட்டண விதி இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. உதவியாக நிற்பவர் மருத்துவராக இருந்தால், அந்த அறுவைக்கு வகுத்த கட்டணத்தில் 16 விழுக்காட்டை மெடிக்கேர் அவருக்கு அளிக்கிறது. மருத்துவரின் இணைப்பணியாளர் எனும் உரிமம் பெற்றவர் நின்றால், அந்த 16 விழுக்காட்டில் 85 விழுக்காடு, அதாவது வகுத்த கட்டணத்தில் 13.6 விழுக்காடு. கூடுதல் பயிற்சியும் தனிச் சான்றிதழும் பெற்ற தொழில்நுட்பர் அதே இடத்தில் அதே வேலையைச் செய்தால், மெடிக்கேர் தனியாக எதுவும் தருவதில்லை. விளைவு புள்ளிவிவரத்திலேயே தெரிகிறது. அறுவை உதவியாளர் என்று தனியாக வகைப்படுத்தப்பட்ட ஊழியர்களின் இடைநிலை ஊதியம் 2024-இல் 60,290 டாலர். அது தொழில்நுட்பரின் ஊதியத்தைவிடக் குறைவு. சொந்தமாகத் தொழில் செய்யும் உதவியாளர்கள் இந்தக் கணக்கெடுப்பில் சேர்வதில்லை என்பதையும், தனியார் காப்பீட்டின் வழியாக அவர்களில் சிலர் கூடுதலாக ஈட்ட முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் மருத்துவமனைச் சம்பளத்தில் வேலை செய்பவருக்கு, மேற்படிப்பு மட்டுமே ஊதிய ஏணியாக அமையவில்லை.

செவிலியரின் உழைப்பும் அதே மொத்தத் தொகைக்குள்தானே அடங்குகிறது, அவருக்கு மட்டும் ஏன் அதிகம் என்று இங்கே கேட்கலாம். சரியான கேள்வி. உரிமம் என்ற இரண்டாவது காரணம் இங்கேதான் வருகிறது. மெடிக்கேர் பணம் பெறும் மருத்துவமனைகளுக்கான விதிகளின்படி, தொழில்நுட்பர் கருவி கொடுக்கும் பணியைப் பதிவுபெற்ற செவிலியரின் மேற்பார்வையில் செய்யலாம். அரங்கைச் சுற்றி ஒருங்கிணைக்கும் பொறுப்பு செவிலியருக்கு உரியது. தொழில்நுட்பர் அதில் உதவ மட்டுமே முடியும். ஆக, செவிலியர் இல்லாமல் அரங்கு இயங்குவதைச் சட்டம் ஏற்பதில்லை. தொழில்நுட்பரின் இடத்திலோ ஒரு செவிலியரே நின்றுவிடலாம். மாற்று இல்லாதவருக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. மாற்று உள்ளவருக்கு அது குறைவு. ஒரே அரங்கில் நிற்கும் மூவரின் 2024 ஊதியத்தைப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். உரிமமும் தனிக் கட்டணமும் இல்லாத தொழில்நுட்பருக்கு இடைநிலை 62,830 டாலர். உரிமம் உள்ள செவிலியருக்கு 93,600 டாலர். உரிமத்தோடு தனிக் கட்டண உரிமையும் பெற்ற மயக்கவியல் செவிலியருக்கு 2 இலட்சம் டாலருக்கும் மேல். மயக்கவியல் செவிலியரின் கல்வி மிக நீண்டது என்பது உண்மை. ஆகவே இடைவெளி முழுவதையும் விதிகளின் மேல் சுமத்த முடியாது. எனினும் படிகளின் வரிசை தற்செயலானதன்று.

கூடுதல் வருமான வழிகள்

அடிப்படை ஊதியத்துக்கு மேல் ஈட்டும் வழிகள் பெரும்பாலும் கூடுதல் நேரத்தைச் சார்ந்தவை. 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரநிலைச் சட்டப்படி, வாரம் 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். இரவுப் பணிக்கும் வார இறுதிப் பணிக்கும் தனிப்படி உண்டு. அவசர அறுவைகளுக்காகக் கால் டியூட்டியில் காத்திருப்போருக்கு மணிக்குச் சிறு தொகை தரப்படும்; அழைத்தால் வேலை நேர ஊதியம் தொடங்கும். பணியகத்தின் ஊதியக் கணக்கில் மிகைநேர ஊதியமும் இரவுப் பணிப்படியும் சேர்வதில்லை. எனவே பலரின் உண்மையான வருமானம் மேற்சொன்ன எண்களைவிட அதிகம். ஆனால் அந்தக் கூடுதலின் விலையைக் கணக்கிட வேண்டும். இடைநிலை ஊதியத்தில் இருக்கும் தொழில்நுட்பருக்கு மிகைநேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 45 டாலர் கிடைக்கும். செவிலியரின் இடைநிலை ஊதியத்தை எட்ட, ஆண்டுக்கு ஏறத்தாழ 680 மணி நேரம், அதாவது ஒரு வாரமும் விடாமல் வாரத்துக்கு 13 மணி நேரம், அவர் கூடுதலாக நிற்க வேண்டும். கனமான மேலங்கியோடு, சில அறுவைகளில் ஈயக் கவசத்தோடும், மணிக்கணக்கில் நின்றே செய்யும் வேலையில் இது உடலை அடகு வைப்பதற்குச் சமம்.

இன்னொரு வழி பயண ஒப்பந்தம். ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைகளில், வழக்கமாக 13 வாரம், முகமை வழியாக வேலை செய்வது இது. வாரச் சம்பளம் உயர்வாக இருக்கும். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தனித்தொகை கிடைக்கும். நிரந்தர வசிப்பிடத்தைப் பராமரிப்பவருக்கே அந்தத் தொகைக்கு வரிவிலக்கு உண்டு. ஒப்பந்தங்களுக்கு இடையே வருமானம் நின்றுபோகும். இதயம், நரம்பு, எலும்பு போன்ற சிறப்புத் துறைகளில் தேர்ச்சி பெற்றால் நல்ல இடங்கள் கிடைக்கும். சிலர் பயிற்றுநராகவும், மருத்துவக் கருவி நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதியாகவும் மாறுகிறார்கள். இந்தக் கடைசி வழிகளில் வருமானம் உயர்வது, அரங்கில் நிற்கும் வேலையை விட்டு விலகும்போதுதான்.

மறுப்புகளும் விடைகளும்

பயிற்சி குறுகியது, அதற்கு இந்த ஊதியமே தாராளம் என்பது ஒரு மறுப்பு. பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டாண்டு செலவிட்டுப் பொது நிலையைவிடக் கால் பங்குக்கும் மேல் கூடுதலாகப் பெறுவது நல்ல பலன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருங்கடன் வாங்காமல் வேலைக்கு வர விரும்பும் இளைஞருக்கு இது தகுந்த தொழில். ஆனால் பயிற்சிக் காலமே ஊதியத்தை முடிவு செய்கிறது என்பது பொருந்தாது. அதே சமுதாயக் கல்லூரியில், ஏறத்தாழ அதே கால அளவுள்ள இணைநிலைப் பட்டம் முடித்து உரிமத் தேர்வில் வென்றவரும் பதிவுபெற்ற செவிலியர் ஆகலாம். செவிலியரில் பலர் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் என்பதால் 93,600 டாலர் என்பது அந்த இரண்டாண்டுப் பட்டதாரியின் ஊதியம் அன்று. அதைக் கழித்துப் பார்த்தாலும், உரிமம் திறக்கும் கதவுகள் தொழில்நுட்பருக்கு மூடியே இருக்கின்றன.

பற்றாக்குறையே ஊதியத்தை உயர்த்திவிடும் என்பது அடுத்த மறுப்பு. கொரோனா தொற்றுக்குப் பின் அது ஓரளவு நடக்கவும் செய்தது. 2020 முதல் 2024 வரை நான்கே ஆண்டுகளில் இடைநிலை ஊதியம் 26 விழுக்காடு உயர்ந்தது. முந்தைய பத்தாண்டின் உயர்வைவிட இது அதிகம். எல்லாத் தொழில்களின் உயர்வு அப்போது 18 விழுக்காடுதான். ஆனால் அதே நான்காண்டில் நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ 22.5 விழுக்காடு ஏறின. உண்மையான ஆதாயம் மூன்று விழுக்காட்டளவே. பற்றாக்குறை ஊதியத்தை மூழ்காமல் காத்தது, வரம்பை உடைக்கவில்லை.

உரிமம் கட்டாயமானால் புதியவர்கள் நுழைவது கடினமாகும், மருத்துவச் செலவும் ஏறும் என்பது மூன்றாவது மறுப்பு. இதில் வலு இருக்கிறது. ஊதியத்தை ஏற்றுவதற்காக மட்டும் கதவை அடைப்பது, இந்தத் தொழிலை நாடிவரும் எளிய குடும்பத்து மாணவர்களையே முதலில் தாக்கும். ஆகவே தேவைப்படுவது நுழைவுத் தடையன்று. நுழைந்த பின் ஏறிச் செல்லப் படிகள். சிறப்புத் துறைத் தேர்ச்சிக்கு ஏற்ப நிலை ஒன்று, இரண்டு, மூன்று என ஊதியப் படிகளைச் சில மருத்துவமனைகள் வகுத்துள்ளன. அதைப் பொது வழக்கமாக்கலாம். முதல் உதவியாளராக நின்ற தகுதியுள்ள தொழில்நுட்பருக்கும் காப்பீட்டுக் கட்டணத்தை அளிக்கலாம். இவை எவரையும் வெளியே நிறுத்துவதில்லை.

மதிப்பீடு

இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பவர் தொடக்க ஊதியத்தை மட்டும் பார்க்காமல், எந்த மாநிலம், எந்தச் சிறப்புத் துறை, ஊதியப் படிகள் உண்டா, கால் டியூட்டிக்கு என்ன தருகிறார்கள் என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். தொழிலுக்குள் இருப்பவருக்கு வருமானத்தை உயர்த்தும் வழி இன்று கூடுதல் மணி நேரமாகவோ அரங்கை விட்டு வெளியேறுவதாகவோதான் பெரும்பாலும் இருக்கிறது. அனுபவம் மிகுந்த கைகள் அறுவை மேசையை விட்டு விலகுவது நோயாளிக்கு இழப்பு. அவர்கள் அங்கேயே நின்று முன்னேறும்படி கட்டண விதிகளும் ஊதியப் படிகளும் மாறும்வரை, அமெரிக்க அறுவை அரங்கத் தொழில்நுட்பரின் ஊதியம் அவரது பொறுப்புக்கு ஈடானது என்று சொல்ல முடியாது.